கானா: எங்கே தொடங்குவது, எப்படிக் கேட்பது

கச்சேரி சங்கீதத்தைப் பற்றியோ நாகஸ்வரத்தைப் பற்றியோ ஒருவர் வழிகாட்டி எழுதப் புகுந்தால், இன்ன வித்துவானின் இன்ன இசைத்தட்டிலிருந்து தொடங்குக என்று தயக்கமின்றிச் சொல்லிவிடலாம். கானாவைப் பற்றி அவ்வாறு சொல்ல முயல்கிறவர் முதல் அடியிலேயே நின்று யோசிக்க நேரிடுகிறது. ஏனெனில் கானாவின் பெரும்பகுதி இசைத்தட்டில் ஏறியதே இல்லை. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் ராயபுரத்திலும் கொடுங்கையூரிலும், சாவு நேர்ந்த வீட்டின் வாசலில் பந்தலிட்டு, இரவெல்லாம் பாடப்பெற்று, பொழுது விடிந்ததும் பாடினவர்களோடும் கேட்டவர்களோடும் கலைந்து போன பாட்டுகளே அதன் மெய்யான செல்வம். எஞ்சி நம் கைக்கு எட்டுவது சினிமாவில் புகுந்த சிறு பகுதியும், அண்மைக் காலத்தில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட சிலவுமே ஆகும். இவற்றைக் கொண்டு அந்தப் பெரும் செல்வத்தை எவ்வாறு அணுகுவது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

புதிதாய்க் கேட்க வருகிறவர்களுள் பெரும்பாலோர் சினிமாவின் வழியாகவே கானாவிடம் வந்து சேர்கின்றனர். இதில் குற்றம் ஏதுமில்லை. 1996-இல் வெளிவந்த ‘காதல் கோட்டை’யில் இசையமைப்பாளர் தேவா தாமே பாடிய பாட்டையும், 2006-இல் மிஷ்கின் இயக்கிய ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதன் திரையிலேயே தோன்றிப் பாடிய மீன்களின் கல்யாணப் பாட்டையும், 2012-இல் ‘அட்டகத்தி’யில் ஒலித்த கானா பாலாவின் குரலையும் கேட்டுத்தான், கூவத்துக்கு வடக்கே கால் வைத்தறியாத ஊர்க்காரர்களும் கானா என ஒரு வகைப் பாட்டு உண்டென்பதைத் தெரிந்துகொண்டனர். தீங்கு நேர்வது அத்தோடு நின்றுவிடுவதில்தான். படத்தில் இடம்பெறும் பாட்டு சில நிமிஷங்களுள் முடிய வேண்டும். ஆட்டத்துக்கு இசைந்து வர வேண்டும். கதாநாயகனின் நண்பர்கள் சூழ்ந்து நின்று கைதட்டச் சௌகரியமாக இருக்க வேண்டும். இந்த நிர்ப்பந்தங்களுக்கு உட்பட்டு வந்த பாட்டுகளை மட்டும் கேட்டவர்கள், கானா என்றால் குடிப்போர் கூடிக் கும்மாளமிடும் பாட்டு என்ற அபிப்பிராயத்தை வளர்த்துக்கொண்டு, அதைப் பிறருக்கும் பரப்பிவிட்டனர். வட சென்னையில் பிறந்து வளர்ந்த எனக்கு இது ஆறாத வருத்தம் தருகின்ற விஷயம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. என் துணிபு யாதெனில், கானாவைக் கேட்க விரும்புகிறவர் அதைச் சாவு வீட்டிலிருந்து கேட்கத் தொடங்க வேண்டும். அங்கே அது செய்கின்ற காரியம் இன்னதென்று விளங்கினால், சினிமாவில் அது என்னவாக மாறியிருக்கிறது என்பதும், பிற்காலத்தில் கிடாரோடும் டிரம்ஸோடும் கூடி எங்கே சென்றிருக்கிறது என்பதும் தாமாகவே விளங்கிவிடும்.

அந்தக் காரியத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம். கொடுங்கையூரில், கண்ணதாசன் நகரிலோ முத்தமிழ் நகரிலோ ஒரு குறுக்குத் தெருவில், துறைமுகத்தில் மூட்டை சுமந்தோ ஆலையில் உழைத்தோ ஆட்டோ ஓட்டியோ காலம் கழித்த ஒரு பெரியவர் மாலையில் கண்ணை மூடினார் என்று வைத்துக்கொள்வோம். எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் உறவினர் வந்து சேர வேண்டும். அரக்கோணத்துக்கு அப்பாலிருந்து வரவேண்டிய மகள் விடியற்காலைக்கு முன் வர இயலாது. வாசலில் சாமியானா கட்டி, டியூப்லைட் மாட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாய்ப் போட்டு, கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டியில் உடலைக் கிடத்தியாயிற்று. இனி அந்த இரவைக் கடந்தாக வேண்டும். அழுகையும் ஓர் எல்லைக்குமேல் ஓய்ந்துவிடும். உறங்கவோ மனம் ஒப்பாது. தனியே விட்டுச் செல்லவும் கூடாது. இந்த நெருக்கடியான வேளையில்தான் பாடுகிறவர்கள் வந்து அமர்கிறார்கள். இறந்தவரின் பெயரையும், அவருடைய பிள்ளைகளின் பெயரையும், அவர் வாழ்ந்த தெருவையும், செய்த தொழிலையும் அங்கேயே கேட்டறிந்து, பழகிய மெட்டு ஒன்றில் பொருத்திப் பாடத் தொடங்குகிறார்கள். மெட்டு பெரும்பாலும் எல்லாருக்கும் தெரிந்த ஒரு திரைப்பாட்டினுடையதாகவே இருக்கும். புதிய சாஹித்தியத்தை ஏற்றுக்கொண்ட அதே கணத்தில் அது அந்த வீட்டின் சொந்தப் பாட்டாகிவிடுகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்கும் இவ்வாறே பாடுவதுண்டு. அன்று துயரத்தின் கூர்மை சற்று மழுங்கியிருக்குமாதலால் பாட்டில் வேடிக்கைக்கு இடம் கூடுதலாகக் கிடைக்கும்.

கானாவின் குணங்கள் என்று நாம் எண்ணுகின்றவை யாவும் இந்தக் காரியத்திலிருந்தே முளைத்தவை. அது நீண்டுகொண்டே போவது, இரவு நீளமாக இருப்பதனால். ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுவது, அடுத்த அடியை மனத்துள் கட்டிக்கொள்வதற்குப் பாடகருக்கு அவகாசம் தேவைப்படுவதனாலும், சுற்றி அமர்ந்திருப்போர் அந்த அடியைத் தாமும் பிடித்துக்கொண்டு பாட வேண்டுமென்பதனாலும். நடுநடுவே சிரிப்பு வருவது, துக்கம் தாளாமல் தளர்ந்த உடலை நிமிர்த்தி உட்கார வைப்பதற்குச் சிரிப்பைக் காட்டிலும் சிறந்த உபாயம் வேறு இல்லாமையினால். நிலையாமையைப் பற்றிய தத்துவம் இடையிடையே தலைகாட்டுவதற்கும் காரணம் தனியே சொல்ல வேண்டியதில்லை. சித்தர் பாடல்களின் சாயல் கானாவில் உண்டென்று பலர் கூறுவதைக் கேட்டிருக்கிறேன். தொண்டியிலிருந்து வந்து இப்பகுதியில் தங்கி, தொண்டியார்பேட்டை என்ற பெயர் வழங்கக் காரணமானவர் என்று சொல்லப்படுகிற, சித்தர்களைப் போலவே பாடிய சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபின் தர்கா இன்றும் நம் நடுவே இருப்பதை நினைக்கும்பொழுது, அந்தக் கூற்றை எளிதில் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை.

இனி வாத்தியங்கள். கானாவைப் புதிதாய்க் கேட்கிறவர் செய்யும் முதற் பிழை சொல்லை விரட்டிக்கொண்டு ஓடுவது. சென்னைப் பேச்சுத் தமிழ் வேகமாய் வந்து விழும், தெலுங்கும் உருதும் ஆங்கிலமும் அதில் உருமாறிக் கலந்திருக்கும், பாதி புரியாமற்போகும், புரியாமற்போனதைப் பிடிக்க முயல்வதற்குள் அடுத்த அடி கடந்துவிடும். ஆகையால் முதல் இரண்டு மூன்று முறை சொல்லை விட்டுவிட்டுத் தோலையும் உலோகத்தையும் மட்டும் கேட்பது உசிதம். உட்கார்ந்து பாடும் கானாவுக்கு டோலக்கே உயிர். அதை வாசிக்கிறவர் இடக்கையால் அடித்தோலின்மேல் மணிக்கட்டை அழுத்தி நழுவவிடுவதையும், அப்பொழுது நாதம் கீழ் ஸ்தாயியிலிருந்து வளைந்து மேலேறுவதையும், வலக்கை விரல்கள் மேற்புறத்தில் சிறுசிறு அடிகளை விதைத்துக்கொண்டே செல்வதையும் அருகிலிருந்து ஒருமுறை பார்த்தவருக்கு, பின்னர் எந்த ஒலிப்பதிவைக் கேட்டாலும் அந்த இரு கைகளும் கண்முன் தோன்றும். ஆர்மோனியம் பெரும்பாலும் சுருதியைப் பிடித்து வைப்பதோடு திருப்தியடைகிறது. பெட்டியின்மேல் தந்திகளைக் கட்டி, தட்டச்சுப் பொறியின் விசைகளைப் போன்ற கட்டைகளை அமுக்கி வாசிக்கின்ற புல்புல்தாராவையும் சில குழுக்களில் காணலாம். 1912-இல் ஜப்பானின் நகோயா நகரத்தில் கோரோ மோரிட்டா என்பவர் உருவாக்கிய தைஷோகோட்டோ என்னும் வாத்தியமே கடல் கடந்து வந்து இந்தப் பெயரைப் பூண்டது. துறைமுகத்தை அண்டி வாழ்கின்ற ஜனங்களின் பாட்டில் அது இடம்பெற்றிருப்பது மிகவும் பொருத்தமாகவே எனக்குப் படுகிறது.

உட்கார்ந்து பாடும் இந்தக் கானாவுக்குப் புறம்பாக, சவ ஊர்வலத்தின் முன்னே செல்கின்ற மேளம் ஒன்று உண்டு. சட்டி, கட்டமோளம், பறை ஆகியவை அதன் அங்கங்கள். சட்டியின் ஒலி மெல்லிய குச்சிகளின் நுனியிலிருந்து தெறித்து, தெருவின் இரு பக்கச் சுவர்களிலும் மோதித் திரும்பும். கட்டமோளத்தின் ஒலியோ காதைவிட நெஞ்சையே முதலில் எட்டும். கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்டால் இந்தக் கட்டமோளம் ஏறக்குறைய முழுவதும் மறைந்து போகும் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழ் ஸ்தாயி ஒலிகளை எழுப்புவதற்கு வேண்டிய அளவு காற்றை அசைக்கும் ஆற்றல் அச்சிறு கருவிக்கு இல்லை. நல்ல இயர்போன் ஒன்றாவது கைவசம் இருத்தல் அவசியம்; அதனினும் மேலானது, சற்றே பெரிய ஸ்பீக்கரை மொட்டைமாடியிலோ வாசலிலோ வைத்துத் திறந்த வெளியில் கேட்பது.

அப்பியாசமாக ஒன்று சொல்கிறேன். கானாக்களுள் மிகப் பல திசிர நடையில் அமைந்தவை. அதாவது தாளத்தின் ஒவ்வொரு தட்டும் மும்மூன்றாகப் பிரிந்து செல்வது. பாட்டு தொடங்கும்பொழுது தாளமின்றிப் பாடகர் மட்டும் குரலை நீட்டி இசைக்கின்ற தொகையறா ஒன்று வருமாயின், அப்பொழுது கையைச் சும்மா வைத்திருங்கள். டோலக் புகுந்தவுடன் தொடையில் மூன்று மூன்றாக எண்ணித் தட்டத் தொடங்குங்கள். சிறிது நேரத்தில், பாடகர் இந்த மூன்றின்மேல் நேராக நிற்காமல், சொல்லைச் சில சமயம் முன்னே தள்ளியும் சில சமயம் பின்னே இழுத்தும், அடியின் கடைசிச் சொல்லைத் தாளம் மறுபடி வந்து விழும் இடத்தில் சரியாகக் கொண்டுவந்து இறக்கியும் பாடுவதைக் காண்பீர்கள். கச்சேரியில் நிரவல் கேட்டுப் பழகினவர்களுக்கு இதில் உடனே ஒரு பரிசயம் தோன்றும். அத்தகையோர் கானாவைத் தாழ்ந்த சங்கீதமென்று ஒதுக்குவது, இந்த ஒரு விஷயத்தைக் காது கொடுத்துக் கேளாமையினாலேயே என்பது என் உறுதியான எண்ணம்.

இவ்வளவு பயிற்சியோடு சினிமாவுக்குத் திரும்பலாம். நான் முதலில் கேட்கச் சொல்வது 2014-இல் பா. ரஞ்சித் இயக்கத்தில் வெளிவந்த ‘மெட்ராஸ்’ படத்தில், அன்பு என்ற பாத்திரம் கொலையுண்ட பிறகு கானா பாலா தாமே எழுதிப் பாடிய இரங்கற் பாட்டு. வியாசர்பாடியைக் களமாகக் கொண்ட அந்தப் படத்தில், சந்தோஷ் நாராயணனின் இசையமைப்பு பாட்டின் இயல்பைச் சிதைக்காமல் ஒதுங்கி நிற்கிறது. சாவு வீட்டுக் கானாவின் சுபாவத்தைச் சினிமா ஏறத்தாழ முழுமையாய்க் காப்பாற்றித் தந்த இடம் அது. அதைக் கேட்டபின், அதே பாடகரும் அதே இசையமைப்பாளரும் சேர்ந்த ‘அட்டகத்தி’க்குப் பின்னோக்கிச் சென்று, அங்கே காதல் தோல்வியின் கேலிப் பேச்சுக்கு அடியில் இதே இரங்கலின் சாயல் இழையோடுவதைக் கவனியுங்கள். உலகநாதனின் மீன் பாட்டை அதற்குப் பிறகு கேட்பது நன்று. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தின் ஏலக்கூடத்தில் நாள்தோறும் புழங்குகின்ற பெயர்களையே மாப்பிள்ளையாகவும் மணப்பெண்ணாகவும் உறவினராகவும் ஆக்கிவிடுகின்ற அந்தக் கற்பனையை, வெறும் வேடிக்கையென்று இனி யாரும் கடந்து செல்ல முடியாது. தேவாவின் பாட்டுகளைக் கடைசியில் வைத்துக்கொள்க. அவர் செய்தது பெரிய உபகாரம்; ஆனால் முதலில் அவற்றைக் கேட்டவர்களுக்குக் கானா எப்பொழுதும் ஆட்டப்பாட்டாகவே காதில் விழும்.

ஒலிப்பதிவில் கேட்டது போதும், நேரில் கேட்க வேண்டும் என்ற ஆவல் எழுந்தால், சில மரியாதைகளை அறிந்திருத்தல் வேண்டும். சாவு வீடு கச்சேரி மண்டபம் அன்று. அழைப்போ அறிமுகமோ இன்றி வேடிக்கை பார்க்கச் செல்வது பெரும் பிழை. அந்தத் தெருவில் தெரிந்தவர் ஒருவர் வழியாக, வீட்டாரின் அனுமதியோடு மட்டுமே செல்லுங்கள். சென்றவுடன் முதலில் இறந்தவருக்கு வணக்கம் செலுத்திவிட்டு, முன் வரிசை நாற்காலிகளை உறவினருக்கு விட்டு, பின்னே ஓரமாக அமருங்கள். கைபேசி சட்டைப் பையிலேயே இருக்கட்டும். தேநீர் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே தரும் தேநீரை மறுப்பதற்கு வேறு அர்த்தம் கொள்ளப்படும். பாடி முடித்து இளைப்பாறுகின்ற வேளையில், வயதில் மூத்த பாடகரை ‘அண்ணா’ என்றழைத்து, அவர் பாடியவற்றுள் ஓர் அடியைக் குறிப்பாகச் சொல்லி, அது உங்கள் மனத்தில் தங்கியதைத் தெரிவித்தால், அவர் பாட்டு கற்றுக்கொண்ட விதத்தையும், தமக்கு முன் பாடிய பெரியவர்களின் பெயர்களையும் தாமே சொல்லத் தொடங்குவார். அந்தப் பேச்சு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காதது. சாவு வீட்டுக்குச் செல்லத் தயங்குகிறவர்கள், அம்மன் கோயில் ஆடித் திருவிழாவிலும் தலைவர்களின் பிறந்தநாள் மேடைகளிலும் நடைபெறும் கானாக் கச்சேரிகளுக்குச் செல்லலாம். ஒலிபெருக்கியின் இரைச்சல் மிகுதியாக இருக்குமென்பதொன்றே அங்கே குறை.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுவது வாசகருக்குச் செய்யும் துரோகமாகும். கைபேசியில் கானா என்ற பெயரில் இன்று வந்து குவிகின்றவற்றுள், பெண்களை இழிவுபடுத்துவதையும் கத்தியையும் கஞ்சாவையும் பெருமையாகப் பேசுவதையும் தவிர வேறு சரக்கில்லாத பாட்டுகள் நிறைய உண்டு. இவற்றைக் கேட்டு அருவருப்படைந்து ஒருவர் கானாவையே வெறுப்பாராயின் அவரை நான் குறைகூற மாட்டேன். ஆனால் இந்தப் பாட்டுகளைத் தாண்டி வருவதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. அது இசைவாணியின் பாட்டுகளைக் கேட்பது. ராயபுரத்தைச் சேர்ந்த இவர், ஆண்களின் உடைமையாகவே நெடுங்காலம் இருந்துவந்த கானா மேடையில் பெண்குரலுக்கு இடம் கண்டவர். 2020-ஆம் ஆண்டில் பி.பி.சி. வெளியிட்ட உலகின் நூறு பெண்கள் பட்டியலில் இவர் பெயர் இடம்பெற்றது. மரபான கானாக் குரலில் உள்ள கரகரப்பை இவர் விட்டுவிடவில்லை. அடியின் கடைசிச் சொல்லை அறைந்து நிறுத்துகின்ற வழக்கத்தையும் விடவில்லை. அந்தக் குரல் எந்தப் பெண்ணைப் பழித்ததோ, அந்தப் பெண்ணே அதைக் கையில் எடுத்துக்கொண்டு பேசும்பொழுது பாட்டின் நியாயம் முழுவதும் இடம் மாறிவிடுகிறது.

இசைவாணியைப் பின்தொடர்ந்து சென்றால் ‘த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழுவிடம் வந்து சேர்வோம். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் 2017-இல் கூட்டிய இந்தக் குழு, 2018 ஜனவரி 6-ஆம் நாள் கீழ்ப்பாக்கத்தில் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் முதன்முதலாக மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்று வழங்கிய தொடரிலிருந்தே குழுவின் பெயர் பிறந்தது. பத்தொன்பது பேர் கொண்ட அந்த மேடையில் கானாப் பாடகர்களும், அரக்கோணத்திலிருந்து வந்த ராப் பாடகர் அறிவும், சட்டியும் கட்டமோளமும் பறையும் வாசிக்கிறவர்களும் ஒரு பக்கம்; கிடாரும் டிரம்ஸும் மற்றொரு பக்கம். இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி, ஆணவக் கொலை, மலக்குழியில் இறங்கி மாள்கின்ற தொழிலாளர் ஆகியவற்றைப் பற்றி அவர்கள் பாடிய பாட்டுகள் அரசியல் காரணத்துக்காகவே பெரிதும் பேசப்பட்டன, அது நியாயமே. ஆயினும் இங்கே நாம் காது கொடுக்க வேண்டியது அதற்கு அடியில் நடக்கின்ற இசைக் காரியத்துக்கு. ராக் சங்கீதத்தில் தாளத்தை வகுப்பது டிரம்ஸின் உரிமை. இந்தக் குழுவிலோ சட்டியும் கட்டமோளமும் தாளத்தைத் தம் கையில் வைத்துக்கொள்ள, டிரம்ஸ் அவற்றுக்குத் துணையாக வருகிறது. கிடாரும் கதாநாயக ஸ்தானத்தை விட்டிறங்கி, சாவு மேளத்தின் மேலும் கீழுமாக ஒலியின் கனத்தை நிரப்புகிறது. எந்த மேளத்தைத் தீட்டென்று சொல்லித் தெருக்கோடியில் நிறுத்தினார்களோ, அதற்கு மேடையின் நடுவிடத்தைக் கொடுத்து மற்ற வாத்தியங்கள் சுற்றிலும் அமர்ந்திருப்பதைக் காணும்பொழுது, பாட்டின் ஒரு சொல்லும் விளங்காதவருக்குக்கூட அது சொல்ல வந்தது விளங்கிவிடும். 2018-இல் வெளியான ‘மகிழ்ச்சி’ என்ற தொகுப்பிலிருந்து தொடங்குங்கள்.

கிடாரை அதன் பழைய காரியத்திலிருந்து விடுவிப்பது என்ற இந்த விஷயம், மேனாட்டிலும் வேறொரு பாதையில் நடந்திருக்கிறது. 1994-இல் சைமன் ரெய்னால்ட்ஸ் என்னும் ஆங்கில விமர்சகர், ராக் வாத்தியங்களைக் கொண்டே ராக் அல்லாத காரியங்களைச் செய்கின்ற சில குழுக்களைக் குறிக்கப் ‘போஸ்ட்-ராக்’ என்ற பெயரைக் கையாண்டார். பல்லவி, சரணம் என்ற அமைப்பைக் கைவிட்டு, பெரும்பாலும் பாடகரே இல்லாமல், மெல்லிய ஒலியிலிருந்து தொடங்கிப் பத்து நிமிஷமோ இருபது நிமிஷமோ படிப்படியாக வளர்ந்து பேரொலியாவது இவ்வகையின் பிற்காலச் சம்பிரதாயம். இதைக் கேட்கப் பொறுமை இல்லையென்று சொல்கின்ற இளைஞர்கள் பலரை நான் அறிவேன். சாவு வீட்டுக் கானாவில் ஒரே அடி பத்துமுறை திரும்ப வந்தபின் பதினோராம் முறை நெஞ்சை உலுக்குவதை அனுபவித்த வட சென்னைப் பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை ஏற்கெனவே வாய்த்திருக்கிறது என்பதே என் எண்ணம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக் குழுவான ‘எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் த ஸ்கை’ 2003-இல் வெளியிட்ட ‘தி எர்த் இஸ் நாட் எ கோல்ட் டெட் பிளேஸ்’ என்ற தொகுப்பு தொடங்குவதற்கு ஏற்றது. ஐந்தே உருப்படிகள், முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், மெட்டும் காதுக்கு இணக்கமானது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ‘மோக்வாய்’ குழுவின் ‘யங் டீம்’ (1997) அதற்கடுத்தது. மெல்லொலிக்கும் பேரொலிக்கும் இடையே அவர்கள் எச்சரிக்கையின்றித் தாவுவார்களாதலால், இயர்போனில் கேட்கிறவர் ஒலியளவைக் குறைத்து வைத்துக்கொள்வது காதுக்கு நல்லது. கனடாவின் மான்ட்ரியல் நகரத்து ‘காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர்’ 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘லிஃப்ட் யுவர் ஸ்கின்னி ஃபிஸ்ட்ஸ் லைக் ஆன்டெனாஸ் டு ஹெவன்’ இரட்டைத் தட்டில் நான்கே உருப்படிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய இருபது நிமிஷம். இதை அவசரமில்லாத ஓர் இரவுக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும். ஐஸ்லாந்தின் ‘சிகுர் ரோஸ்’ 2002-இல் பெயரே இடாமல் வெளியிட்ட தொகுப்பில், எந்த மொழியிலும் சேராத வெற்று அசைகளையே பாடகர் பாடுகிறார். சொல்லை விட்டுவிட்டு ஒலியைக் கேளுங்கள் என்று மேலே சொன்ன அப்பியாசத்தை முடித்தவர்களுக்கு இது சிரமமாயிராது. நம் தேசத்தில் இவ்வகையை இசைப்போருள் அகமதாபாத்தில் தொடங்கிய ‘அஸ்வீகீப்சர்ச்சிங்’ குறிப்பிடத்தக்கது. ‘க்வாப்’ (2015) அவர்களுடைய தொகுப்பு.

சொல்லற்ற இந்த இசையில் ஊறியபின் மறுபடியும் சொல்லுக்குத் திரும்ப விரும்புகிறவர்களுக்கு, 2017-இல் வெளிவந்த ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ ஒரு நல்ல துறை. கபேர் வாசுகி தெருப்பேச்சிலேயே எழுதியதை ஆர்.கே. ஸ்ரீராம்குமார் கர்நாடக ராகங்களில் அமைக்க, டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தின் சாம்பலுக்கும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்கும் நடுவே நின்று பாடியது அது. கச்சேரி சங்கீதம் நம் பக்கத்துப் பேச்சைத் தேடி இங்கே வந்தபொழுது அதற்கு என்ன நேர்ந்தது என்பதை, நம் பேச்சு கிடாரைத் தேடிச் சென்ற ‘மகிழ்ச்சி’ தொகுப்போடு அடுத்தடுத்து வைத்துக் கேட்டுப் பாருங்கள். அதன் பிறகு, 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ மேடைகளின் ஒலிப்பதிவுகளுள், கானாவும் பறையும் ஒப்பாரியும் ஒரே நிகழ்ச்சியில் வருகின்றவற்றைத் தேர்ந்தெடுத்து முழுவதும் கேட்பது நலம். ஒப்பாரி வருகின்ற இடத்தில் தாண்டிச் செல்லாதீர்கள். கானாவின் இரங்கற் பாட்டில் ஆண்குரல் செய்கின்ற காரியத்தை அங்கே கிராமத்துப் பெண்கள் டோலக்கும் ஆர்மோனியமும் இன்றி, மூச்சையும் விம்மலையும் மட்டுமே தாளமாகக் கொண்டு செய்கிறார்கள். ஒப்பாரியைப் பற்றி அடுத்த அத்தியாயத்தில் விரிவாகக் காண்போம்.